இரண்டு மணிக்கும் நாலு மணிக்கும் இடையில்

கம்ப்யூட்டர் ரிப்பேருக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் பொய் சொல்வார்கள். ஒன்றுமே செய்யவில்லை, அதுவாகவே நின்றுவிட்டது என்பார்கள். கரமனையில் கடை போட்ட ஆறு வருஷத்தில் நான் யாரையும் நம்பாத ஆளாகிவிட்டேன். 2004இல் எங்கள் சபைப் போதகர் வேதமாணிக்கம் ஐயாவும் தன் மெஷின் அதுவாகவே நின்றுவிட்டதாகச் சொன்னார். போதகரைச் சந்தேகிப்பது பாவம்தான். சந்தேகித்தேன்.

அந்தக் கம்ப்யூட்டரை நானே பாகம் பாகமாகச் சேர்த்துப் பூட்டிக் கொடுத்திருந்தேன். கோயம்புத்தூரில் படிக்கிற அவர் மகன் அனூப் லீவுக்கு வந்தபோது கேம் விளையாட ஒரு கிராபிக்ஸ் கார்டு வேண்டுமென்று நச்சரித்தான். அதையும் நானே போட்டேன். லீவு முடிந்ததும் கார் பந்தய கேமை மெஷினிலேயே விட்டுவிட்டு அவன் போய்விட்டான். ஐயா காலையில் பிரசங்கம் டைப் செய்வார், மெஷினை ஓடவிட்டபடியே சாப்பிட்டு, இரண்டு மணிக்குப் படுப்பார். நாலு மணிக்கு எழுந்து வந்தால் மெஷின் செத்துக் கிடக்கும், பாதிப் பிரசங்கம் போயிருக்கும். ஒரே மாதத்தில் ஏழு தடவை.

ஒருநாள் போன் வந்ததும் ஓடிப்போய்க் கார்டைத் தொட்டுப் பார்த்தேன். இன்னும் சூடு ஆறவில்லை. அங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. படம் வேகமாக ஓடும் விளையாட்டுகளில்தான் அந்தக் கார்டு பாடுபடும். பாடுபட்டால் சூடாகும், அதன் விசிறி இரைச்சல் போடும், சூடு எல்லை தாண்டினால் மெஷின் நின்றுவிடும். சும்மா இருக்கிற மெஷினுக்கு எதற்குச் சூடு? வீட்டில் இருப்பது ஐயாவும் அவர் மனைவி சுசீலாபாய் அம்மாவும் மட்டும். வீண் கேளிக்கையைக் கண்டித்து ஞாயிறுதோறும் முழங்குகிற மனிதர், மத்தியானம் கதவைச் சாத்திக்கொண்டு கார் பந்தயம் விட்டால்? மடியில் கனம் இருப்பவர்தானே இப்படி ஒன்றும் தெரியாதவர் போல முகத்தை வைத்துக்கொள்வார்?

கடைக்குத் தூக்கி வந்து ஆறு மணி நேரம் கேமை ஓடவிட்டேன். நிற்கவில்லை. திருப்பிக் கொடுத்தேன், இரண்டாம் நாளே நின்றது. இதற்குள் ஐயாவின் சந்தேகம் என் பக்கம் திரும்பியிருந்தது. சபை நடத்தும் பள்ளிக்கூடத்துக்குப் பத்து கம்ப்யூட்டர் வாங்க இருந்தார்கள். அந்த ஆர்டரை நம்பித்தான் கடையே நின்றது. ஐயா என்னைக் கமிட்டி முன்னால் நிறுத்தி, எல்லோரும் பார்க்கக் கேட்டார்.

“பழைய கார்டைத்தானே ராஜையா மாட்டி வச்ச? புதுசுன்னா இப்படிச் சாவுமா?”

இல்லை என்றேன். ஒருவர் முகத்திலும் நம்பிக்கை இல்லை. வியாழக்கிழமை மறுபடியும் கூடி முடிவு சொல்வதாகச் சொன்னார்கள். மற்றவர்களை நான் பார்க்கிற பார்வையால் என்னையே பார்த்தார்கள்.

மெஷின் நின்ற நேரங்களை அதுவே குறித்து வைத்திருக்கும். எல்லாம் இரண்டுக்கும் நாலுக்கும் இடையில். அந்த வியாழக்கிழமை இரண்டரை மணிக்கு, சொல்லாமல் போனேன். கையும் களவுமாகப் பிடித்து, அந்தக் கையோடு கமிட்டிக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று ஆத்திரம். முன்கதவு திறந்திருந்தது. முதல் அறையில் ஐயா குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். உள்ளறையில் கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது. அப்படியானால் உள்ளே யார்?

சுசீலாபாய் அம்மா நாற்காலி நுனியில் உட்கார்ந்து கார் ஓட்டிக்கொண்டிருந்தார். ஸ்பீக்கர் அணைந்திருந்தது. மெஷினைச் சுற்றி, ஐயா பொன்முடி மலை எஸ்டேட் சபையில் இருந்தபோது வாங்கிய கனத்த கம்பளி. விசிறியின் இரைச்சலில் ஐயா விழித்துவிடக் கூடாதென்று போர்த்தியிருக்கிறார். மூச்சு முட்டிய மெஷின் பின்னே நிற்காமல் என்ன செய்யும்? கடையில் அது நிற்காத காரணமும் புரிந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே திரை இருண்டது.

“போச்சே” என்று திரும்பியவர் என்னைக் கண்டு எழுந்தார். நாற்காலி விழுந்தது. ஐயா கண்ணைக் கசக்கிக்கொண்டு அறை வாசலில் வந்து நின்றார். மெஷினைப் பார்த்தார், கம்பளியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சொல்ல வாயெடுத்துவிட்டேன். அந்த அம்மா முந்திக்கொண்டார்.

“அவன் மேல ஒரு தப்பும் இல்ல. நானாக்கும். நீங்க ஒறங்கினப்பொறவு டெய்லி கார் ஓட்டுதேன். எப்பவும் மூணாவதாத்தான் வருவேன். இன்னைக்கு முதல்ல போயிட்டிருந்தேன்.”

ஐயா கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் முகம் சுருங்கிப் போயிற்று.

“நான் ஒறங்கும்போ நீயும் ஒறங்குதன்னுல்லா நெனச்சேன்” என்றார்.

அம்மா கம்பளியை எடுத்து மடித்தார். பிரித்து, மறுபடியும் மடித்தார். ஐயா என்னிடம் வந்து, கமிட்டியில் தானே பேசுவதாகவும், ஆர்டர் எனக்குத்தான் என்றும் சொன்னார். ஒரு மாதத்துப் பாரம் இறங்கியது. இனி இவர் என்ன செய்யச் சொன்னாலும் செய்துவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான் என்று நினைத்தேன்.

“பின்னே, இந்தக் கார்டைக் கழத்தி எடுத்திரு. பிரசங்கம் எழுதுகதுக்கு இது வேண்டாம் அல்லே?”

வேண்டாம். மெஷினின் போர்டிலேயே திரைக்கு வேண்டிய இணைப்பு உண்டு. கார்டு இல்லாமல் பிரசங்கம் என்ன, முழு பைபிளையே டைப் செய்யலாம். கார் மட்டும் ஓடாது. அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை. கம்பளியை மார்போடு அணைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றார்.

“கழத்தினா ஸ்க்ரீன்ல ஒண்ணும் வராது ஐயா” என்றேன். “இதை மாட்டினப்பொறவு பழைய கனெக்ஷன் வேலை செய்யாது. பிரசங்கமும் வராது.”

ஐயா என் கண்ணையே பார்த்தார்.

“சத்தியமா?”

“சத்தியம்” என்றேன்.