ஊசியம்மா வரைந்த கைகள்

“அன்பார்ந்த பொதுமக்களே!” என்று ஒலிபெருக்கி திடீரென்று அலறியது. வாசலில் நாற்காலி விரித்துக்கொண்டிருந்த மகளின் கையிலிருந்து ஒன்று நழுவி விழுந்தது. “நம் பாரம்பரிய விழாவின் இரண்டாம் நாளான இன்று...” அவ்வளவுதான். யாரோ ஓடிப்போய் வயரைப் பிடுங்கியிருக்க வேண்டும். தெரு மறுபடி அமைதியானது.

“சொல்லி அனுப்பிட்டேன்,” என்றாள் சித்தி. “அதுல கத்துறவனுக்கும் உங்கம்மாதான் ஊசி போட்டிருக்கா. இனிமே வாயத் திறக்க மாட்டான்.”

முன்னறையில் அம்மா படுத்திருந்தாள். முப்பத்துநாலு வருஷம் சுகாதார நிலையத்தில் நர்ஸ். ஊர் மொத்தத்துக்கும் ஊசியம்மா. நேற்று எப்போதும்போல் சாப்பிட்டு, பாத்திரம் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் படுத்தவள், காலையில் எழுந்திருக்கவில்லை.

செய்தி கேட்டு, கிடைத்த முதல் பஸ்ஸில் மகள் வந்து இறங்கியிருந்தாள். நேற்றே வந்திருக்க வேண்டியவள்.

ஓய்வுக்குப் பிறகு அம்மா ஓவிய வகுப்பில் சேர்ந்தாள். அவள் வரைந்த முதல் பெரிய படம் விழாவின் கண்காட்சிக்குப் போகிறது என்று சொல்லி, மூன்று வாரத்துக்கு முன்பு அதைப் போனில் அனுப்பியிருந்தாள். ‘எப்படி இருக்கு? உண்மையைச் சொல்லு.’ மகள் அப்போது ஆபீஸ் மீட்டிங்கில் இருந்தாள். படத்தைத் திறக்காமலே ‘சூப்பர்ம்மா’ என்று தட்டிவிட்டாள். திறப்பு நாளுக்கு வருகிறேன் என்றவள், நேற்று அதற்கும் வரவில்லை. இன்று பஸ்ஸில் வரும்போது போனைத் தொடவே கை வரவில்லை.

பேக்கரிக்காரர் வந்தார். கொஞ்ச நேரம் அம்மாவைப் பார்த்தபடி நின்றுவிட்டு மகளிடம் வந்தார்.

“நேத்துதாம்மா கண்காட்சியில ஊசியம்மா படத்தைப் பாத்தேன். என்னா ஒரு இன்ஜின்! ஆஹா!”

பின்னாலேயே தையல்காரம்மா. “அந்த இன்ஜின் அப்படியே உசிரோட இருந்துச்சு கண்ணு.”

சித்தி மகளின் காதருகே குனிந்தாள். “இவங்களுக்கு என்ன ஆச்சு? அக்கா வரைஞ்சது கை. ஒரு மாசம் சாப்பாட்டு மேசை முழுக்கக் கையா கிடந்துச்சு. இன்ஜின் எங்கேர்ந்து வந்துச்சு?”

மகளுக்குப் புரிந்துவிட்டது. பெயர் அட்டை மாறிப்போயிருக்கிறது.

“அடக்கம் எத்தனை மணிக்கு சித்தி?”

“நாலு மணிக்கு. நீ எங்க கிளம்பிட்ட?”

“அம்மா படத்துல வேற யார் பேரோ தொங்குது. ஒருத்தர்கூட அவ படத்தை அவ படம்னு பாக்கல. பேரையாவது சரியா மாட்டிட்டு வந்துடறேன்.”

“போ. செருப்பைப் போட்டுட்டுப் போ.”

கண்காட்சி பழைய தானியக் கிடங்கில் இருந்தது. விழாக் கடைகளில் பாதி மூடியிருந்தன. உள்ளே கயிற்றில் கிளிப் மாட்டிப் படங்களைத் தொங்கவிட்டிருந்தார்கள். மூன்றாவது வரிசையில் அந்தப் படம்.

பதினோரு கைகள். முகம் இல்லை. சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டி, ஊசிக்குக் காத்திருக்கும் கைகள் மட்டும். வயலில் கறுத்தது ஒன்று, மாவு ஒட்டியது ஒன்று, பயத்தில் மயிர் சிலிர்த்து நிற்பது ஒன்று. கடைசிக் கை சின்னது. முழங்கைக்குக் கீழே இஸ்திரிப் பெட்டி சுட்ட தழும்பு.

மகள் தன் சட்டைக் கையை மணிக்கட்டுவரை இழுத்துவிட்டுக்கொண்டாள். பிறகு கீழே இருந்த அட்டையைக் கழற்றினாள்.

“அதை எடுக்காதீங்க,” என்றார் ஒருவர். சலவைச் சட்டை, நகக்கண்ணில் மட்டும் கருப்பு எண்ணெய்.

“இது எங்கம்மா வரைஞ்சது.”

“தெரியும்ங்க. அட்டையில இருக்கறது என் பேரு. டிராக்டர் மெக்கானிக். அங்க தொங்குற இன்ஜின்தான் என்னுது. போட்டோ. எடுக்கும்போது கை ஆடிருச்சு.”

“தெரிஞ்சும் சும்மா இருந்தீங்களா?”

“நேத்து திறந்ததுமே பாத்துட்டோம். மாட்டினவங்க அவசரத்துல மாத்திட்டாங்க. நான் கழட்டப் போனேன். அம்மாதான் கையைப் பிடிச்சுட்டாங்க. ‘ரெண்டு நாளும் இப்படியே இருக்கட்டும். எம்பேரப் பாத்தா எவனும் உண்மையச் சொல்ல மாட்டான், ஊசிக்குப் பயந்த பயலுக’ன்னாங்க. அந்த பெஞ்சுல போய் உக்காந்தாங்க. சாயங்காலம் அஞ்சு மணிக்குத்தான் எந்திரிச்சாங்க. டீ நான் வாங்கிக் குடுத்தேன்.”

மகள் பெஞ்சைப் பார்த்தாள். “எல்லாரும் என்ன சொன்னாங்க?”

“ஒருத்தர், முகம் வரையத் தெரியாதவன் போலன்னாரு. அம்மா ஆமாங்கற மாதிரி தலையாட்டினாங்க. தையல்காரம்மா, ‘என் கையை நீ எப்படா பாத்த?’ன்னு என்கிட்ட சண்டைக்கே வந்துட்டாங்க. அப்புறம் அங்கயே நின்னு ரொம்ப நேரம் பாத்தாங்க. பேக்கரிக்காரர் கடையை விட்டுட்டு மூணு தடவை வந்தாரு. ‘ஸ்பானர் பிடிக்கிற கையாடா இது?’ன்னு என் முதுகுல ஒண்ணு வெச்சாரு. எனக்குக் கூச்சத்துல உசிரே...” அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். “அம்மா முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சாங்க.”

மகள் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். “டீக்கு ரொம்ப நன்றிங்க,” என்றாள்.

“ஐயோ, அதுக்கென்னங்க. இப்ப மாத்திடலாமா? அம்மா இல்லாதப்ப என்ன பண்றதுன்னு தெரியாமத்தான் காலையிலேர்ந்து நிக்கிறேன்.”

மகள் எழுந்து அவருடைய அட்டையைப் பழைய இடத்திலேயே மாட்டினாள்.

“ரெண்டு நாள்னுதானே சொன்னா. சாயங்காலம் வரைக்கும் இருக்கட்டும்.”

மெக்கானிக் வாசல்வரை கூடவே வந்தார்.

“கிளம்பும்போது ஒண்ணு சொன்னாங்க. ‘என் பொண்ணு போன்ல பாத்ததுமே சூப்பர்னு சொன்னா. நான்தான் நம்பல. பாவம், அவ உண்மையத்தான் சொல்லியிருக்கா’ன்னாங்க.”