வயோலா வரிசையில் அம்மா

கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்தும் வேலை பார்த்துவந்தவள், பழைய இசைத்தட்டுக் கடையில் அந்த உறையைத் திருப்பிப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் ரொமான்டிக் காலத்து மேற்கத்திய சிம்பொனிகள் இரண்டு. வாசித்தது நகர இசைக்குழு. பின்னட்டைப் புகைப்படத்தில், வயலினைவிடச் சற்றுப் பெரிய வயோலாக்களை வாசிப்பவர்களின் வரிசையில், அவள் அம்மா உட்கார்ந்திருந்தாள்.

அம்மா இறந்துபோனபோது அவளுக்கு மூன்று வயது. வளர்த்தது சித்தி. அம்மாவின் முகம் படங்களில் இருந்தது. குரல் எதிலும் இல்லை. குரல் போனால் போகிறது, கை வாசித்ததாவது கிடைத்ததே என்று தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தாள்.

வேலை முடிந்து வந்தால், செருப்பைக் கழற்றிய கையோடு தட்டைப் போடுவாள். வயலின்கள் மேலே ஏறும், கொம்பு வாத்தியங்கள் முழங்கும்; வயோலாக்கள் நடுவில் எங்கோ கிடக்கும். ஒலிபெருக்கியில் காதை ஒட்டவைத்துக் கேட்பாள். அத்தனை பேர் சேர்ந்து வாசிப்பதில் ஒருத்தியை மட்டும் எப்படிப் பிரித்தெடுப்பது?

"விட்டா அந்தத் தட்டுக்குள்ளயே குடி போயிடுவே போல" என்றாள் சித்தி.

மெதுவான மூன்றாம் பகுதியில் ஓரிடத்தில் வயோலாக்கள் மட்டும் கேட்கும். அதில் சற்றுக் கனிந்து ஒலிப்பதுதான் அம்மா என்று அவளாகவே முடிவுகட்டிக்கொண்டாள்.

படத்தில் அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்த பெண்மணி இன்னும் இருக்கிறார் என்று இசைக்குழு அலுவலகத்தில் சொன்னார்கள். விடுமுறை நாளில் தட்டோடு அவர் வீட்டுக்குப் போனாள். அவர் உறையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். அம்மாவின் வாசிப்பு எங்கே நன்றாகக் கேட்கும் என்று இவள் கேட்டாள்.

"படம் பதிவுக்கு முந்தின மாசம் எடுத்ததும்மா" என்றார் அவர் தயக்கத்தோடு. "பதிவு பண்ணின அன்னிக்கு உங்கம்மா வரலை. உனக்குக் கக்குவான் இருமல். கீழே படுக்க வச்சா மூச்சு முட்டுதுன்னு தோள்லயே போட்டுக்கிட்டு இருந்தா. அவ நாற்காலி காலியாக் கிடக்க, பக்கத்துல நான் தனியா உட்கார்ந்து வாசிச்சேன்."

இத்தனை நாள் யாருடைய வாசிப்பையோ அம்மா என்று கேட்டிருக்கிறாள். அம்மாவுக்கு வருத்தமாக இருந்திருக்குமே என்று கடைசியில் கேட்டாள்.

"இல்லாம இருக்குமா? எவ்வளவு ஆசையா வாசிச்சுப் பழகினா! சாயங்காலம் பார்க்கப் போனேன். உன்னைத் தோள்ல போட்டுக்கிட்டு, அவ வாசிக்க வேண்டியதை வாயால முனகிக்கிட்டே நடந்துக்கிட்டிருந்தா. என்னைப் பார்த்ததும், பேசாதேன்னு உதட்டுல விரலை வச்சா. நீ அப்பத்தான் கண்ணசந்திருந்தே."

எப்படி முனகினாள் என்று கேட்டதற்கு, அவர் பாடிக்காட்ட முயன்றார். நான்கைந்து சுரத்துக்கு மேல் குரல் எழும்பவில்லை. வயோலாவையும் எப்போதோ யாருக்கோ கொடுத்துவிட்டாராம்.

வீட்டுக்கு வந்து மூன்றாம் பகுதியைப் போட்டாள். ஒலிபெருக்கியின் அருகில் உட்காரவில்லை. அறைக்குள் மெல்ல நடந்தாள். ஒரு தோளின் சூடு, காதோரம் ஒரு முனகல், ஏதாவது நினைவுக்கு வராதா என்று கண்ணை மூடிக்கொண்டு நடந்தாள். ஒன்றும் வரவில்லை.

தட்டு முடிந்து ஊசி வெறுமனே கரகரத்துக்கொண்டிருந்தது. சித்தி வந்து ஊசியைத் தூக்கிவைத்தாள். பிறகு அவளோடு கூடவே நடந்தாள்.