நான்காம் தறியில் வந்த கதவு

குமாரபாளையத்தில் சபரிநாதனின் நான்காம் விசைத்தறி, வெள்ளை வேட்டியின் நடுவே ஒரு கதவை நெய்தது. வெள்ளை நூலிலேயே, நிலையும் தாழ்ப்பாளுமாக, ஒரு முழ உயரம். சாதாரணத் தறியால் இது முடியாது. நீளவாக்கில் கட்டிய பாவு நூல்களில் பாதி மேலே போகும், பாதி கீழே இறங்கும், இடையில் நாடா என்ற கட்டை ஊடை நூலைக் குறுக்கே இழுத்துக்கொண்டு ஓடும். அடுத்த ஓட்டத்துக்கு மேலது கீழாகும். அவ்வளவுதான் அதற்குத் தெரியும். படம் வேண்டுமென்றால் நூல்களைத் தனித்தனியாகத் தூக்க மேலே ஜக்கார்டு பெட்டி வேண்டும். சபரிநாதனின் பட்டறையில் தறிக்கு மேலே பஞ்சு படிந்த ஒட்டடைதான் இருந்தது.

பாவு கொடுத்து வேட்டியாக வாங்கிக்கொள்ளும் ஆனந்தகுமார் துணியை விரித்துப் பார்த்தார். "வேட்டி கேட்டா ஊட்டுக்குக் கதவு போட்டுக் குடுக்கறயாப்பா? இன்னொருக்கா இப்படி வந்துச்சுன்னா பாவை எடப்பாடிக்காரனுக்குக் குடுத்துப்போடுவேன்" என்றார். அவர் பாவு வராவிட்டால் பட்டறையை மூட வேண்டியதுதான்.

சபரிநாதன் முதலில் தறி ஓட்டும் நந்தகுமாரைச் சந்தேகித்தான். அவனை வேறு தறிக்கு மாற்றினான். நான்காம் தறியில் காடு வந்தது. நாடாவை மாற்றினான், காட்டில் மழை பெய்தது. பிறகு நூலை, மோட்டாரை, பங்காளியை, பங்காளியின் மாமனாரைச் சந்தேகித்தான். கடைசியில், சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்த மனைவி தனப்பிரியாவைச் சந்தேகித்தான். நூலகத்திலிருந்து அவள் எடுத்து வந்த நாவலில் நடந்து போகும் காடு ஒன்றும், அதற்குள் யாரும் திறக்காத கதவு ஒன்றும் இருந்தன. அவன் அதே இடத்தில் உட்கார்ந்து சில பக்கங்கள் படித்துப் பார்த்தான். வேட்டி வெறும் வேட்டியாக வந்தது. அவனுக்குத் தூக்கமும் வந்தது. அவள் படித்தால் மட்டுமே படம் விழுந்தது, அதுவும் புத்தகத்தில் உள்ளபடி அல்ல. அவளுக்குச் சலித்துப்போன படகுக்காரன் துணியில் வரவே இல்லை.

"புஸ்தகத்துல கதவு ஒத்தை வரிதான் இருக்குது. துணியில இத்தனை பெருசா நிக்குது. அதுக்குள்ள யாரு இருக்கறா, புள்ள?"

"அது தெரியாமத்தானுங்க படிக்கறேன்."

"திருப்பிக் குடுத்துப்போடு."

"பாதியில எப்படீங்க குடுக்கறது? காடு ஊருக்குப் பக்கத்துல வந்துருச்சு. நீங்க வேணா தறியை நிறுத்துங்க."

பாலத்தைத் தாண்டி பவானியில் அம்மா வீட்டுக்குப் போய்ப் படித்துப் பார்த்தாள். ஆற்றுக்கு அந்தப் பக்கமிருந்தும் தறிக்குத் தெரிந்துவிட்டது. திரும்பி வந்தவள் புத்தகத்தை மூடி அரிசி டின் மேல் வைத்துவிட்டு, சரியாகச் சாப்பிடாமல் திரிந்தாள். அந்த வாரம் மின்தடை வந்தது. தறிகள் நின்றிருந்த பகல் முழுவதும் அவள் படித்தாள். மின்சாரம் வந்ததும் சபரிநாதன் டார்ச் அடித்துத் துணியைச் சாண் சாணாகப் பார்த்தான். வெள்ளை. மறுநாளும் நம்பாமல் பார்த்தான். தறி நிற்கும்போது படித்ததை அது சேர்த்துவைத்து நெய்வதில்லை.

இரவும் பகலுமாக இரண்டு ஷிப்டும் ஓடும் அந்தப் பட்டறையில் தறிகள் நிற்பது, மாதம் ஒருமுறை பராமரிப்புக்காக மின்சாரத்தை நிறுத்தும் நாளில்தான். தனப்பிரியா அன்று மட்டும் படிக்கிறாள். மின்விசிறி ஓடாததால் சபரிநாதன் அட்டையால் விசிறிவிடுகிறான்.