இரண்டு கண்ணாந்தளி

மூன்றாவது நாற்றும் அடித்தண்டு கறுத்துச் சாய்ந்துவிட்டது. ஜக்கையன் அதைப் பிடுங்கவில்லை. நாற்றுப் பையின் முன்னால் குந்தியபடி பார்த்துக்கொண்டே இருந்தான். இனி இரண்டுதான்.

குரங்கணிக்கு மேலே ஜீப்பு ரோட்டை அகலப்படுத்தியபோது, கண்ணாந்தளி பூத்துக் கிடந்த புல்சரிவை முழுசாக வழித்துத் தள்ளிவிட்டார்கள். வெள்ளை இதழின் நுனியில் ஊதா தொட்டு வைத்த பூ. பெயர்கூட மலைக்கு அந்தப் பக்கத்து மலையாளத்துக்காரர்கள் சொல்லித் தெரிந்ததுதான். மண்மேட்டில் காய்ந்து கிடந்த ஒரு செடியில் ஒரே ஒரு காய் இருந்தது. தூசி மாதிரி விதை. அதைத்தான் எடுத்து வந்து விதைத்தான். அதன்பிறகு எவ்வளவு தேடியும் வேறெங்கும் அந்தச் செடி அவன் கண்ணில் படவில்லை.

இருபது வருடமாக எஸ்டேட்டுக்கு ஏலக்காய் நாற்று வளர்ப்பவன். நாற்றுக்கு என்ன செய்வானோ அத்தனையும் இதற்கும் செய்தான். மட்கிய இலை உரம், மேலே பச்சை வலை, தூரில் சருகு, காலையும் மாலையும் பூவாளித் தண்ணீர். முளைத்தவை ஐந்து. ஒவ்வொன்றாக அழுகின.

"பெத்த பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தப்பக்கூட இப்பிடி உக்காந்து பாக்கல நீங்க" என்று அவன் மனைவி பாண்டியம்மாள் குத்தினாள்.

மறுநாள் வேலைக்குப் போகாமல் ரோட்டுக்கு ஏறினான். வெட்டிய சரிவின் விளிம்பில் ஒரு முழ அகலத்துக்குப் பழைய தரை மிச்சமிருந்தது. கிளறினான். சரளைக்கல்லும் புல்வேரும்தான். நிமிர்ந்து பார்த்தான். நிழலுக்கென்று ஒரு மரம் அங்கே நின்றதே இல்லை. எத்தனையோ வருடம் அந்த வழியே நடந்தவன்தான். தண்ணீர் தங்காத மண், முழு வெயில். மூன்றையும் கொன்றது தன் கைதான்.

சரளை மண்ணைச் சாக்கில் சுமந்து இறங்கினான். பாண்டியம்மாளிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டு, வேர் அசையாமல் இரண்டையும் மாற்றி வைத்து, ஒரு கை தண்ணீர் தெளித்தான். வலையையும் அவிழ்த்தான். தப்பென்றால் எல்லாம் முடிந்தது. ஒன்றை மட்டும் நிழலில் விடலாமா? விட்டால் அது எப்படியும் அழுகும்.

மதியத்துக்குள் இரண்டும் தலை தொங்கின. பூவாளியை எடுத்தான், வைத்தான், மறுபடி எடுத்தான். பாண்டியம்மாள் வந்து அதைப் பிடித்துக்கொண்டாள்.

"ஊத்தாதீங்க. தண்ணிதான் கொன்னுச்சுன்னு நீங்கதான சொன்னீங்க."

"செத்துருச்சுன்னா?"

"வெயில்ல சாகட்டும். திரும்பவும் உங்க கையால வேணாம்."

விடிந்தும் அவன் எழவில்லை. அவள் வாசல் கூட்டும் சத்தம் பைகள் இருந்த பக்கம் போனதும் நின்றது.

"ஒண்ணு போயிருச்சு" என்றாள் கடைசியில். "ஒண்ணு நிமிந்து நிக்குது. வந்து பாருங்க."

விரல் உயரம்கூட இல்லை அது. பூத்துக் காய் பிடிக்க இன்னும் மாதங்கள் கிடக்கின்றன. அதற்குள் என்ன வேண்டுமானாலும் ஆகலாம். குனிந்து பார்த்தபோது அவன் நிழல் செடியின் மேல் விழுந்திருந்தது. ஜக்கையன் ஓரடி தள்ளி உட்கார்ந்தான்.