நிலாவுக்கான கணக்கு

எங்கள் தீவில், ஷாதிபூரில், அடுத்த வீட்டு உதயசூரியன் கப்பல் வந்து நிற்கும் ஜெட்டியில் குமாஸ்தா. கடலின் ஏற்ற இறக்க அட்டவணையைப் பார்க்காமல் முகச்சவரம்கூடச் செய்யமாட்டார். விண்வெளி வீரர்கள் சந்திரனில் வைத்துவிட்டு வந்த கருவிகளில் அங்கேயும் நடுக்கம் பதிவாகிறது, அதுவும் மாதம் தவறாமல் வருகிறது என்று பேப்பரில் படித்ததும் மனிதருக்குத் தலைகால் புரியவில்லை.

"பூமி இழுத்தா நிலா ஆடுது. அப்ப நிலா இழுத்தா பூமி ஆடும். பௌர்ணமி, அமாவாசையில மட்டும் உஷாரா இருந்தாப் போதும். பக்கா ஹிசாப், கணக்கு தப்பாது, டீச்சர்!"

அந்த இரண்டு நாளும் அவர் கைக்குழந்தையின் மரத்தொட்டில் முற்றத்தில் இருக்கும். மற்ற நாளெல்லாம் செங்கல் சுவரை ஒட்டி, பாத்திரம் அடுக்கிய பரணுக்கு நேர் கீழே. தரை ஆடினால் எல்லாம் அதன்மேல்தான் விழும். பள்ளிக்கூடத்தில் அறிவியல் எடுப்பவள் நான். வாய் சும்மா இருக்குமா?

"நிலா வறண்டு இறுகிக் கிடக்குது. பூமியோட இழுப்பு மாசாமாசம் அதை நெளிக்குது, ஆழத்துல லேசா நடுங்குது. வெயில் பட்டு மேல்பாறை விரிஞ்சாலும் நடுங்கும். தண்ணி இல்லாததால அதிர்வு சீக்கிரம் அடங்காது. இங்க கதையே வேற. கடலடிப் பாறைத்தட்டு நம்ம தீவுக்குக் கீழ நுழையுது. சிக்கி நிக்கும், தாங்காம ஒருநாள் வழுக்கும். அதுக்குத் தேதி கிடையாது."

"ஸ்கூல் பாடம் ஸ்கூல்ல, டீச்சர்ஜி," என்று சிரித்துவிட்டுப் போனார். வந்த கோபத்தில் அந்த அட்டவணையைக் கிழித்துப் போட்டிருப்பேன்.

அவர் மனைவி ஜெயமணி சிரிக்கவில்லை. "அப்ப எந்த நாளும் வரலாமா?" என்று கேட்டாள். வரலாம் என்றேன். மறுநாளிலிருந்து அவர் வேலைக்குப் போனதும் தொட்டிலை முற்றத்துக்கு இழுத்துவிடுவாள். அவர் திரும்புவதற்குள் பழைய இடத்தில் வைத்துவிடுவாள். வீட்டில் சண்டை வேண்டாமாம்.

ஒரு அஷ்டமியன்று, எனக்குப் பள்ளி இல்லாத நாள், பட்டப்பகலில் தரை ஆடியது. பாத்திரங்களோடு பரண் விழுந்தது, சுவரில் பாதியும் விழுந்தது. நானும் ஜெயமணியும் முற்றத்தில் குழந்தையை இறுக்கிக்கொண்டு நின்றோம்.

ஜெட்டியிலிருந்து ஓடிவந்தவர் யாரையும் பார்க்கவில்லை. நேராக உள்ளே போய், தொட்டில் இருந்த இடத்தில் குவிந்த செங்கற்களை வெறுங்கையால் அள்ளி எறிந்தார். "அஷ்டமிதானே, இன்னிக்கு அஷ்டமிதானே" என்று புலம்பிக்கொண்டே இருந்தார்.

"புள்ள இங்க இருக்கு!" என்று ஜெயமணி அலறினாள். "அஷ்டமின்னு நிலத்துக்கு யாரு போய்ச் சொன்னா?"

அவர் திரும்பிப் பார்த்தார். விரல்களில் ரத்தம். திட்டுவதற்காக மாதக்கணக்கில் சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் விட்டுவிட்டு, முற்றத்துக் குடத்திலிருந்து தண்ணீர் மொண்டு அவர் கையில் ஊற்றினேன்.