இடம் சொல்லாத படம்

காளான் பூக்கும் இடத்தைக் கட்டிய புருஷனிடம்கூடச் சொல்லக் கூடாது என்பது தனத்தின் கொள்கை. பதினாறு வருஷக் குடித்தனத்தில் உத்திராபதிக்குக் காளான் குழம்பின் ருசி தெரியும். எந்தப் புற்றில் பறித்தது என்று தெரியாது. அந்த ரகசியத்தைத் தனம் ஒரே ஒரு ஆளுக்குத்தான் காட்டினாள், நாத்தனார் வெற்றிச்செல்விக்கு. அந்த மகராசி அதை ஊருக்கே காட்டிவிட்டாள்.

வேண்டுமென்று செய்ததல்ல. வெற்றிச்செல்வி பெரம்பலூரில் சின்னதாக ஒரு ஸ்டுடியோ வைத்திருக்கிறாள். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, பாஸ்போர்ட் சைஸ் என்று வருஷம் முழுக்க மனுஷ மூஞ்சிகளையே எடுத்துச் சலித்தவள், தன் மனசுக்காக எடுப்பது காளானை மட்டும்தான். போன ஐப்பசியில் ஒரு விடிகாலை அண்ணி கூட்டிப்போன இடத்தில், புற்றுச் சரிவில் முப்பது காளான்கள் வெள்ளை வெளேரென்று வரிசை கட்டி நின்றன. முதல் காளானிலிருந்து கடைசிக் காளான் வரைக்கும் தெளிவாக விழ வேண்டும் என்று லென்ஸின் துவாரத்தை நன்றாகச் சுருக்கி எடுத்தாள். எல்லாம் தெளிவாகத்தான் விழுந்தது. பின்னால் சாய்ந்து நின்ற ஒற்றைப் பனையும், அதற்கும் பின்னால் சிமெண்டு ஆலையின் புகைபோக்கியும் சேர்ந்து விழுந்தன. பெருமை தாங்காமல் அதை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்தாள்.

ஒரு மணி நேரம் ஆகவில்லை. அந்தப் பனையைத் தெரியாதவர் சுற்றுவட்டாரத்தில் யார்? சிலர் கடப்பாரையோடு வந்தார்கள். உள்ளே இன்னும் இருக்கும் என்று புற்றையே பெயர்த்துப் போட்டார்கள். அதற்குப் பிறகு எத்தனை மழை பெய்தும் அங்கே ஒரு காளான்கூட எழும்பவில்லை.

தனம் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. வெற்றிச்செல்வி அண்ணன் வீட்டுக்கு வரும்போதெல்லாம் சோறு போட்டாள், குழம்பு ஊற்றினாள். பேச்சை மட்டும் கோழியிடமும் சுவரிடமும் வைத்துக்கொண்டாள். வெற்றிச்செல்வி மன்னிப்புக் கேட்டதற்கும் கோழிக்குத்தான் பதில் கிடைத்தது. "மன்னிப்பு கேட்டா புத்து மொளைச்சிருமா?"

அதையும் பொறுத்துக்கொள்ளலாம். தனம் வேறு ஓர் இடத்தைக் கண்டுபிடித்துவிட்டாள், கூடையை எடுத்துக்கொண்டு தனியாகப் போய்வருகிறாள் என்று அண்ணன் சொன்னபோதுதான் வெற்றிச்செல்விக்குப் பொறுக்கவில்லை. காளானுக்குப் போவோமா என்று அண்ணி மறுபடி ஒரு தடவை கூப்பிட வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

கூப்பிட்டால் மட்டும் ஆயிற்றா? போய் எப்படி எடுப்பது? துவாரத்தைப் பெரிதாகத் திறந்தால் பின்னணி கரையும். ஆனால் ஒரே ஒரு காளான்தான் தெளியும், மற்றதெல்லாம் பஞ்சாகிவிடும். சுருக்கினால் காளானோடு பனையும் வரும். மாசக்கணக்கில் இதே யோசனையாகத் திரிந்தவளுக்கு லப்பைக்குடிக்காட்டில் வழி கிடைத்தது. அங்கே ஒரு நிக்காஹ் எடுக்கப் போயிருந்தாள். துபாயில் கேமரா கடையில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியிருந்த மாப்பிள்ளையின் மாமா, ஒரு பழைய லென்ஸையும் அதைக் கேமராவில் மாட்டும் வளையம் ஒன்றையும் கொண்டுவந்து காட்டினார். அந்த வளையம் நடுவில் சாய்ந்தது.

"டில்ட் அடாப்டர்மா. இத வச்சு நான் இங்க என்னா பண்ணப் போறேன்? நீங்க எடுத்துட்டுப் போங்க" என்றார் அவர்.

ஸ்டுடியோ மாடியில் ஒரு தாம்பாளத்தில் கடைக்காளானை அடுக்கி வைத்துப் பழகினாள். மேலே சாய்த்தாள், பக்கவாட்டில் சாய்த்தாள், ஒன்றும் உருப்படவில்லை. லென்ஸின் மூக்கைக் கீழே பார்த்துச் சாய்த்த அன்றுதான் விஷயம் பிடிபட்டது. சாதாரண லென்ஸில் தெளிவு சுவர் மாதிரி நிற்கிறது. சாய்த்தால் பாய் மாதிரி தரையோடு படுத்துக்கொள்கிறது. பாயில் இருக்கும் காளான்கள் கிட்டத்திலிருந்து கடைசி வரை பளிச்சென்று இருக்க, பாய்க்கு மேலே ஓங்கி நிற்பதெல்லாம் கரைந்துபோனது. எதிர்வீட்டுத் தண்ணீர் டேங்க் எங்கே என்று அவளாலேயே கண்டுபிடிக்க முடியவில்லை.

இந்த ஐப்பசி பிறந்து இரண்டு மழை பெய்ததும் அண்ணன் வீட்டுக்கு பஸ் ஏறினாள். தனம் வயலுக்குப் போயிருந்த நேரத்தில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டு, அவள் வந்ததும் படத்தை நீட்டினாள்.

"அண்ணி, இது எந்த இடம்னு சொல்லுங்க. சொல்லிட்டீங்கன்னா இனிமே கேமராவத் தூக்கிக்கிட்டு நான் இந்தப் பக்கமே வரல."

தனம் கோழியைத் தேடினாள். கோழி மேயப் போயிருந்தது. வேறு வழியில்லாமல் கேமராவை வாங்கிப் பார்த்தாள். சுண்டுவிரல் உயரத்தில் காளான்கள், ஒவ்வொன்றின் மடிப்பும் எண்ணும்படி இருந்தது. பின்னால் பச்சையும் நீலமுமாக ஏதோ கலங்கித் தெரிந்தது.

"ஏரிக்கரை."

"இல்ல."

"நம்ம ஊருதானா?"

"நம்ம ஊருதான்."

"அப்ப மக்காச்சோளக் கொல்லை. வாய்க்கா ஓரம்." தனம் கண்ணை இடுக்கினாள். "நீலமா இருக்கே, அது என்னா?"

"ஒங்க மோட்டர் கொட்டா, அண்ணி. காளான் நம்ம வைக்கப்போர் அடியில நிக்கிது."

தனம் நம்பவில்லை. கேமராவோடு கொல்லைப்புறம் போய், வைக்கோல் போருக்கு முன்னால் குந்தி, படத்தையும் மோட்டார் கொட்டகையையும் மாறி மாறிப் பார்த்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். இங்கே ஒரு கொட்டகையே மறைந்து கிடந்தது.

"பொங்கலுக்கு நான் பெயிண்ட் அடிச்ச கதவு" என்றாள். கேமராவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விட்டாள். பொழுது சாய்ந்து கோழி திரும்பியதும் பேச்சு மறுபடி அதனிடமே போனது. அவ்வளவுதான், கதை முடிந்தது என்று வெற்றிச்செல்வி மனசு விட்டுப்போய்ப் படுத்தாள்.

மறுநாள் விடியும் முன்னே தோளைத் தட்டி எழுப்பியது தனம்தான்.

"ராத்திரி இடி கேட்டிச்சுல்ல, காளான் மொளைச்சிருக்கும், எந்திரி. ஒம் போனு இங்கயே கெடக்கட்டும், கேமராவ மட்டும் எடுத்துக்க."

எந்தப் பக்கம் போனார்கள், எவ்வளவு தூரம் நடந்தார்கள் என்பதெல்லாம் நமக்கு எதற்கு? இடம் இருந்தது. இடுப்பளவு புற்று, அதன் அடிவாரத்தில் வரிசையாக நாற்பதுக்குக் குறையாத காளான்கள். வெற்றிச்செல்வி ஈர மண்ணில் குப்புறப் படுத்து லென்ஸைச் சாய்த்தாள். பறிக்க வந்த தனம், வெளிச்சம் வரட்டும் என்று கூடையைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து காத்திருந்தாள். ஆறு படம் எடுத்து முடிந்தபோது தனத்தின் போன் அடித்தது. உத்திராபதி.

தனம் எடுக்கவில்லை. நாத்தனாரையே பார்த்துக்கொண்டு போனை அவளிடம் நீட்டினாள். "நீயே பேசு."

"ரெண்டு பேரும் எங்க போயிட்டீங்க?" என்றான் உத்திராபதி. "எடத்தச் சொல்லு, வண்டிய எடுத்துக்கிட்டு வரேன்."

வெற்றிச்செல்வி ஒருநாளும் அண்ணனிடம் பொய் சொன்னதில்லை.

"எந்த எடம்னு தெரியலண்ணே. இருட்டுல அண்ணி பின்னாலயே வந்துட்டேன்" என்று சொல்லிப் போனை வைத்தாள்.

தனம் சிரித்தாள். ஒரு வருஷமாக அடக்கி வைத்த சிரிப்பு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். பிறகு எழுந்து வந்து, வரிசையின் நடுவில் ஒரு குச்சியை ஊன்றினாள்.

"இந்தப் பக்கம் என்னுது, அந்தப் பக்கம் ஒன்னுது. அடுத்த மழைக்கு எனக்கு வர முடியலன்னாலும் நீ வந்து பறிச்சுக்க."

வெற்றிச்செல்வி கேமராவைக் கழற்றி அண்ணியின் கழுத்தில் மாட்டிவிட்டு, குனிந்து தன் பக்கத்து முதல் காளானைப் பறித்தாள்.