சாம்பல் நிற அட்டை

பன்னிரண்டாவது ஃபோல்டரிலும் முதல் படம் இல்லை. படங்களின் எண் இரண்டில்தான் தொடங்கியது. அவள் அதை மூடிவிட்டு அடுத்ததைத் திறந்தாள். அதுவும் இரண்டு.

"இன்னுமா தேடுற?" கணவரின் அக்கா கதவருகே வந்து நின்றாள். "நாலு மணிக்கு ஆஸ்பத்திரியிலேருந்து தம்பியைக் கொண்டுவந்துடுவாங்க. தலைமாட்டுல வைக்க ஒரு படம் வேணாமா? கையில வெண்ணெயை வச்சுக்கிட்டு நெய்க்கு அலையிற கதையால்ல இருக்கு."

அண்ணி சொன்னதில் தப்பில்லை. பதினெட்டு வருடமாகப் படம் எடுப்பதுதான் அவள் பிழைப்பு. விளக்குகளைத் தூக்கிக்கொண்டு கூடவே வருவதும், வீட்டுக்கு வந்து படங்களைக் கம்ப்யூட்டரில் திருத்துவதும் கணவர் வேலை. இன்று விடிகாலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், ஆம்புலன்ஸ் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் போய்விட்டார்.

படத்துக்கு நில்லுங்கள் என்றால் நிற்கவே மாட்டார். ஆனால் ஒவ்வொரு வேலையிலும் அவள் கேமராவுக்கு முன்னால் முதலில் வந்து நின்றது அவர்தான். சாம்பல் நிற அட்டை ஒன்றை மார்பில் பிடித்துக்கொண்டு, "ம், எடு" என்பார். அந்த இடத்தின் வெளிச்சத்தில் நிறம் எப்படி மாறுகிறது என்று பார்க்க அந்த ஒரு படம் போதும். அப்புறம் அது வேண்டாம். கம்ப்யூட்டர் திரைக்குக் கீழே அவர் கையெழுத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. கல்யாணமோ கடைத்திறப்போ, திருத்துவதற்கு அதே வரிசைதான், ஒரு அடி மாறாது. அதன் கடைசி வரி: அட்டைப் படத்தை அழி. மனுஷன் ஒரு தடவையாவது மறந்து தொலைத்திருக்கக் கூடாதா என்று அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது.

அப்போதுதான் நேற்றைய வேலை ஞாபகம் வந்தது.

ஒரு பல் ஆஸ்பத்திரியில் ஊழியர்களைப் படம் எடுத்துவிட்டுச் சாயங்காலம் திரும்பியிருந்தார்கள். தாளின் முதல் வரி, வந்ததும் இரண்டு இடத்தில் நகல் எடு. அதைச் செய்யாமல் அவர் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார். நேற்று, "நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று படுத்துவிட்டார். "சட்டம் போட்டவரே மீறலாமா?" என்று அவள் சிரித்தாள்.

கேமரா பையை எடுத்துவந்தாள். இரண்டு இடத்தில் நகல் எடுத்தாள். அண்ணி பொறுக்கமுடியாமல் 'ச்சு' கொட்டினாள். ஆனாலும் எடுத்தாள்.

முதல் படத்தில் அவர் இருந்தார். புருவத்தைத் தூக்கிக்கொண்டு, "ம்" சொல்லப்போகிற வாய். பின்னாலிருந்த வெள்ளைச் சுவர், அவர் சட்டை, முகம் எல்லாமே நீலம் பாரித்துக் கிடந்தன. இரண்டாவது வரியைப் படித்தாள். அட்டையில் கிளிக் செய்து நிறத்தைச் சரிசெய், கண்ணை நம்பாதே.

கிளிக் செய்தாள். சுவர் வெள்ளையானது. சட்டை அதன் நிறத்துக்கு வந்தது. அவர் உதடு மட்டும் வெளிறியே இருந்தது. கண்ணுக்குக் கீழே கருப்பு. ஏசி ஓடுகிற அறையில் நெற்றி முழுக்க வேர்வை. நேற்று இதே முகத்துக்கு நேரே கேமராவைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். அட்டையில் வெளிச்சம் சரியாக விழுகிறதா என்று மட்டும்தான் பார்த்திருக்கிறாள்.

"என்ன இவ்வளவு சோர்ந்து போயிருக்கான்?" அண்ணி குனிந்து பார்த்தாள். "கொஞ்சம் பளிச்சுனு ஆக்கும்மா. அந்தக் கருவளையத்தை எடுத்துடு. வர்றவங்க என்ன நெனப்பாங்க?"

செய்துவிடலாம். ஐந்து நிமிட வேலை. ஆயிரம் முகங்களுக்கு அவர் செய்ததுதான். மவுஸில் கையை வைத்துக்கொண்டு அடுத்த வரியைப் படித்தாள். தழும்பு, மச்சம்: தெரிந்தவரைக் கேட்காமல் தொடாதே.

அவள் திரும்பினாள். "அண்ணி, புருவத்துல தழும்பு இருக்கே. அதையும் எடுத்துடவா?"

அண்ணி திரையில் அந்தப் புருவத்தை விரலால் தொட்டாள்.

"ஊஞ்சல்ல வச்சு நான்தான் வேகமாத் தள்ளிவிட்டேன். நாலு தையல். தானா விழுந்தேன்னு அம்மாகிட்ட சாதிச்சுட்டான். கடைசி வரைக்கும் சொல்லிக்குடுக்கல." புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அதை எடுக்காத."

"மத்தது?"

"எதையும் எடுக்காத. அவன் மூஞ்சி அவனுக்கு இருக்கட்டும்."

படம் பிரிண்டரிலிருந்து மெல்ல மெல்ல வெளியே வந்தது. அண்ணி அதை ஓரத்தில் பிடித்து வாங்கினாள். கீழ் விளிம்பில் அட்டையும் அதைப் பிடித்திருந்த இரண்டு கட்டை விரல்களும் தெரிந்தன.

"இது என்னம்மா கீழ? வெட்டிட்டுச் சட்டம் போட்டுடலாமா?"

"வேணாம் அண்ணி. இருக்கட்டும்."

அண்ணி படத்தை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனாள்.

அவள் தாளின் கடைசி வரியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வாசலில் வண்டி வந்து நிற்கிற சத்தம் கேட்டது. யாரோ நாற்காலிகளை ஓரமாக இழுத்துப் போட்டார்கள். மவுஸை மெதுவாகத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தாள்.

திரையில் நேற்றைய ஃபோல்டர் திறந்தபடியே இருந்தது. அது ஒன்றில் தொடங்கியது.